மச்சத்துக்கு லேசர் உண்டு, பழிக்கு?

கிரகணத்தன்று அரிவாள்மணையில் காய் நறுக்கினாள், பிள்ளைக்கு உதடு பிளந்தது. கிரகணத்தன்று மொட்டை மாடிக்குப் போனாள், பிள்ளை கன்னத்தில் சிவப்பு விழுந்தது. இப்படித் தீர்ப்பு எழுதப்பட்ட தாய்மார்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, மேல்முறையீடு கிடையாது. தண்டனை மட்டும் உண்டு. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் போதும், நாலு பேர் சேர்ந்து அதை நிறைவேற்றிவிடுவார்கள்.

நான் நெருங்கி அறிந்த ஒரு வீட்டில் இது நடந்தது. பெண் குழந்தை. இடது கன்னத்தில் தொடங்கிக் காதோரம் வரை படர்ந்த சிவப்பு மச்சம். தொட்டால் மற்றத் தோலைப் போலவே வழவழப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் ஒரு கணம் வெளிறி, விட்டதும் மறுபடி சிவப்பேறும். பெயர் வைக்கும் நாளன்று உறவுக்காரப் பெண்கள் ஒவ்வொருவராகத் தொட்டிலுக்குள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். மாமியார் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்தார்: "நான் அன்னைக்கே தலபாடா அடிச்சிக்கிட்டேன், வெளிய தலை காட்டாதடின்னு. கேட்டாத்தானே?" மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "தூறல் விழுந்துச்சுங்க அத்தை. துணி நனைஞ்சிடுமேன்னு ஒரு நிமிஷம்தான் போனேன்." அவள் வேதியியலில் முதுகலை படித்தவள்.

கவனியுங்கள், அவள் குற்றச்சாட்டை மறுக்கவில்லை. ஒரு நிமிஷம்தான் என்று தண்டனையைக் குறைத்துக் கேட்கிறாள். படித்த படிப்பு அவளைக் காப்பாற்றவில்லை. சில மாதம் கழித்து அந்த வீட்டு ஆண்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது: "எந்த லேசர் நல்லதுங்க? ஒருத்தர் டை லேசர்ங்கிறார், இன்னொருத்தர் யாக் லேசர்தான் நம்ம தோலுக்குச் சரிப்படும்ங்கிறார். எதுல பண்ணா மொத்தமா போகும்?"

கேள்வியில் தப்பில்லை. எனக்குத் தெரிந்த வரை பதிலும் சொல்வேன். ஆனால் காரணத்தைக் கேட்காமல் கருவியை மட்டும் கேட்பதைப் பகுத்தறிவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாயத்து கட்டுகிறவரை விட்டுவிட்டு லேசர் வைத்திருப்பவரிடம் போனதால் மட்டும் ஒருவர் அறிவியலுக்குள் வந்துவிடுவதில்லை. அந்த வீட்டில் லேசருக்குப் பணம் புரட்டினார்கள். தாயின் மீது போட்ட பழியை எடுக்க ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலில் அந்தப் பழியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிரகணங்கள் தோன்றும் பருவம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். அந்தப் பருவத்தில் ஒரு சூரிய கிரகணமும் ஒரு சந்திர கிரகணமும் உலகில் எங்காவது நிச்சயம் நிகழும். அப்படியானால், பத்து மாதம் சுமக்கிற எந்தத் தாயும் ஒரு கிரகணப் பருவத்தையாவது கடக்காமல் பிள்ளை பெற முடியாது. குறையோடு ஒரு குழந்தை பிறந்தால் பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதுதான், ஒரு தேதி அகப்படும். அன்று அவள் எதையாவது வெட்டியிருப்பாள், எங்காவது போயிருப்பாள், எதையாவது தின்றிருப்பாள். தப்பவே முடியாதபடி பின்னப்பட்ட வலை இது. 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் சூரியன் வளையமாகத் தெரிந்தது. அப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறந்த மாநிலத்தில் அன்று கர்ப்பமாக இருந்தவர்கள் பல லட்சம் பேர். கிரகணத்துக்குத் தீண்டும் சக்தி இருந்திருந்தால் 2020-ல் தமிழ்நாட்டுப் பிரசவ வார்டுகள் அதைக் கண்டிருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு கிரகணம் பார்த்தவர்களும், பெரியார் திடலில் அந்த நேரம் பார்த்துச் சிற்றுண்டி சாப்பிட்டவர்களும் பல காலமாகச் சொல்லி வருவது இதைத்தான்.

கன்னத்துச் சிவப்பின் உண்மையான காரணம் 2013-ல் தெரிந்துவிட்டது. போர்ட் ஒயின் ஸ்டெயின் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த மச்சம் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 3 பேருக்கு இருக்கும். உலகம் முழுக்கவும் இப்படித்தான். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரே மனிதரின் மச்சமுள்ள தோலையும் மச்சமில்லாத உடற்பகுதியையும் எடுத்து, இரண்டின் மரபணுத் தொகுதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். மச்சமுள்ள தோலில் ஜி.என்.ஏ.கியூ. என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மற்ற இடத்தில் மாறவில்லை. அதன் பொருள் என்ன? கரு உருவான பிறகு, பிளந்து பெருகிக்கொண்டிருந்த உயிரணுக்களில் ஏதோ ஒன்றில், நகல் எடுக்கும்போது ஓர் எழுத்து பிசகியது. அந்த ஓர் அணுவின் வாரிசுகள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தனவோ அங்கெல்லாம் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்தே கிடக்கின்றன. தாயிடமிருந்து வந்ததும் இல்லை, தகப்பனிடமிருந்து வந்ததும் இல்லை. அரிய சில வகைகளைத் தவிர, அடுத்த பிள்ளைக்கு வருமோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

இந்த மூடநம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தம் என்றும் நினைக்க வேண்டாம். தோல் நோய்களைப் பற்றி ஆங்கிலத்தில் முதல் நூலை 1714-ல் எழுதிய லண்டன் மருத்துவர் டேனியல் டர்னர், தாய் எதைக் கண்டு பயந்தாளோ எதற்கு ஆசைப்பட்டாளோ அது பிள்ளையின் தோலில் பதியும் என்று அடித்துச் சொன்னவர். 1727-ல் ஜேம்ஸ் பிளாண்டெல் என்ற இன்னொரு மருத்துவர் அதை மறுத்துத் தனி நூலே எழுதினார். இது அனுபவத்துக்கும் ஒவ்வாது, அறிவுக்கும் ஒவ்வாது, உடற்கூற்றியலுக்கும் ஒவ்வாது என்பது அவர் வாதம். டர்னர் பதில் எழுதினார். சண்டை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அன்று பிளாண்டெலுக்கு ஆதாரமாகக் காட்ட ஒரு மரபணு கிடையாது. இருந்தும் தாயின் பக்கம் நின்றார். நம் கையில் மரபணுவே இருக்கிறது. ஆனாலும் தொட்டிலருகே நின்று பேச ஆள் இல்லை.

அதனால் என் முதல் கோரிக்கை தோல் மருத்துவரிடம் இல்லை, பிரசவம் பார்ப்பவரிடம். இப்படி ஒரு குழந்தை பிறந்தால், வார்டிலேயே, மாமியாரையும் கணவனையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு, இது அம்மா செய்த எதனாலும் வந்ததில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அதை ஒரு வரியாகத் தமிழில் எழுதிக் கொடுங்கள். ரத்த வகையை எழுதுகிறீர்கள், எடையை எழுதுகிறீர்கள், இதையும் எழுதலாம். அரை நிமிடம் ஆகும்.

இரண்டாவது, லேசருக்கு முன்னால் மச்சத்தின் பெயரைக் கேளுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை. பிறந்த குழந்தையின் கண்ணிமையிலும் நெற்றி நடுவிலும் வெளிர் சிவப்பாகத் தெரிவது மிகப் பரவலானது. ஓரிரு ஆண்டுகளில் தானாக மங்கிவிடும். பிடரியில் இருப்பது சிலருக்கு மறையாமல் முடிக்குள் தங்கிவிடும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இதற்கு லேசர் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

அடுத்தது ஹீமான்ஜியோமா. பிறக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அல்லது ஒரு கீறல்போல் இருக்கும். சில வாரங்களில் பொங்கி வளர்ந்து செக்கச்செவேலென்று கட்டியாகும். நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வரும், பெண் குழந்தைகளுக்கும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் கூடுதலாக. முதல் ஐந்து மாதத்துக்குள் வளர்ச்சியின் பெரும்பகுதி முடிந்துவிடும். பிறகு ஆண்டுக்கணக்கில் மெதுவாகச் சுருங்கும். இதை வைத்துக்கொண்டு மருத்துவ உலகம் ஒரு காலத்தில் செய்த பாவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1920-களிலிருந்து 1950-கள் வரை சுவீடனில், ஸ்டாக்ஹோமிலும் கோதன்பர்க்கிலும், பல்லாயிரம் கைக்குழந்தைகளுக்கு இந்தக் கட்டியைக் கரைக்க ரேடியம் வைத்தார்கள். ரேடியம்தான் அன்றைய அதிசயக் கருவி. பெரும்பாலான கட்டிகள் ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் சுருங்கியிருக்கும். மார்பில் கதிர் பட்ட அந்தப் பெண் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, அவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இயல்பைவிடக் கூடுதலாக இருந்ததைச் சுவீடன் ஆய்வாளர்களே பின்னர் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அந்த மருத்துவர்கள் கெட்டவர்கள் இல்லை, மந்திரவாதிகளும் இல்லை. புதிய கருவி கையில் இருந்தது, பெற்றோரின் கண்ணில் ஏக்கம் இருந்தது. காத்திருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மட்டும் அங்கே இடமில்லாமல் போனது.

இன்று ஹீமான்ஜியோமாவுக்கு மருந்து வேண்டுமென்றால் முதல் மருந்து லேசர் கிடையாது, ஒரு பழைய சொட்டு மருந்து. 2008-ல் பிரான்சின் போர்தோ நகரில் கிறிஸ்டீன் லியோத்தே-லாப்ரேஸ் என்ற குழந்தைத் தோல் மருத்துவரும் அவர் குழுவினரும், இதயக் கோளாறுக்காக ப்ரோப்ரனலால் கொடுக்கப்பட்ட ஒரு குழந்தையின் முகத்துக் கட்டி மறுநாளே நிறம் மாறி மென்மையானதைக் கவனித்து வெளியிட்டார்கள். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் 1960-களிலிருந்து புழக்கத்தில் உள்ள மருந்து அது. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் அதற்கு முன்பே, 1988-ல் நோபல் பரிசு பெற்றுவிட்டார். இந்த மருந்தை மருத்துவர் கண்காணிப்பில்தான் கொடுக்க வேண்டும். குழந்தை பால் குடிக்காத வேளையில் கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் கண்ணருகே வளர்ந்து பார்வையை மறைக்கப்போகும் கட்டிக்கு முதல் ஓரிரு மாதங்கள் பொன்னானவை. அந்த மாதங்களை மந்திரிப்பதில் ஒரு குடும்பம் தொலைக்கிறது, லேசர் விலை விசாரிப்பதில் இன்னொரு குடும்பம் தொலைக்கிறது. குழந்தையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மூன்றாவது வகை, நாம் பேசிவந்த போர்ட் ஒயின் மச்சம். இது தானாக மறையாது. குழந்தையோடு சேர்ந்து வளரும், வயதாக ஆகக் கறுத்துத் தடிக்கும், நடுவயதில் முடிச்சு முடிச்சாக எழும்பி, பட்டால் ரத்தம் கசியும். நெற்றியிலும் மேலிமையிலும் இருந்தால் இன்னொரு அபாயம் உண்டு. ஸ்டர்ஜ்-வெபர் என்ற நிலையில் அதே பிசகான குழாய்கள் மூளையின் உறையிலும் கண்ணிலும் இருக்கும். வலிப்பு வரலாம், கண்ணழுத்தம் ஏறிப் பார்வை போகலாம். ஆகவே நெற்றி மச்சத்தோடு பிறந்த குழந்தையை முதலில் பார்க்க வேண்டியவர் கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும். கல்யாணச் சந்தையின் கண்ணுக்குத் தோல் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணோடு மருத்துவரைத் தேடுகிறவர்கள் நிறத்துக்காக அலைவார்கள், பார்வையைக் கோட்டை விடுவார்கள்.

இப்போது லேசருக்கு வருவோம். முதல் லேசரை 1960-ல் மெய்மன் செய்தார். 1970-களில் ஆர்கான் லேசரை மச்சத்தின் மீது பிடித்தார்கள். நிறம் குறைந்தது, பலருக்குத் தழும்பு விழுந்தது, குழந்தைகளுக்கு மோசமாக விழுந்தது. ஏன் என்பதை 1983-ல் பாஸ்டனைச் சேர்ந்த ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும் விளக்கினார்கள். கறுப்புச் சட்டைத் தோழர்கள் சாமி பெயர் சொல்லாமலே தீ மிதித்துக் காட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். தணல் சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் கால் அதில் படுகிற நேரம் மிகக் குறைவு. சூடு உள்ளே இறங்குவதற்குள் கால் எழும்பிவிடுகிறது. கணக்கு சூட்டில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. ஆண்டர்சனும் பாரிஷும் சொன்னது இதுதான்: ரத்தம் விரும்பி உறிஞ்சும் நிறத்தில் ஒளியைத் தேர்ந்தெடு; குழாயிலிருந்து சூடு வெளியே பரவுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிடக் குறைந்த நேரம் அதைப் பாய்ச்சு. குழாய் வேகும், சுற்றியுள்ள தோல் பிழைக்கும். ஆர்கான் ஒளி அதிக நேரம் நின்றது, அதனால் சுட்டது.

இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் பல்ஸ்டு டை லேசர். சாயக் கரைசலிலிருந்து எழும் மஞ்சள் ஒளி, முதலில் 577 நானோமீட்டர், பிறகு 585, இப்போது பெரும்பாலும் 595. 1989-ல் குழந்தைகளிடம் இது வேலை செய்ததைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. இன்று வரை போர்ட் ஒயின் மச்சத்துக்கு முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி இதுதான் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

அறைக்குள் நடப்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். அருகிலிருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி. இமையில் செய்வதானால் மரப்பு மருந்து விட்டுக் குழந்தையின் கண்ணுக்குள்ளேயே உலோக மூடி வைப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கணம் முன்னால் 'ஸ்ஸ்' என்று உறைகுளிர் திரவம் தெளித்து மேல்தோலைக் காக்கும். உடனே ஒளி, ரப்பர் பேண்டு இழுத்துவிட்ட சுரீர். பட்ட இடத்தில் அப்போதே வட்டமாக ஊதா நிறம் கன்றும். அடுத்த வட்டம் அதை ஒட்டி. கன்னம் முழுக்க முடிக்க நூற்றுக்கும் மேல் வட்டம் தேவைப்படலாம். ஒன்றிரண்டு வாரம் முகம் முன்பைவிடப் பயங்கரமாக இருக்கும், பிறகு மங்கும். ஒன்றிரண்டு மாத இடைவெளியில் மறுபடி, மறுபடி. ஒரு தடவையில் போய்விடும் என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார்.

மற்றக் கருவிகள்? 532 நானோமீட்டர் கே.டி.பி. லேசரை ரத்தம் நன்றாக உறிஞ்சும், தோலின் நிறமியான மெலனினும் நன்றாக உறிஞ்சும். கறுத்த தோலில் மேலேயே சுட்டுவிடும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் ஆழம் போகும். தடித்துப்போன, டை லேசருக்கு மசியாத பெரியவர்களின் மச்சத்துக்கு அனுபவசாலி கையில் உதவும். தீவிர ஒளித்துடிப்பு என்பது லேசரே இல்லை, பல நிறம் கலந்த ஒளியை வடிகட்டி அனுப்புவது. பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

யாக் லேசரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'நம்ம ஊர்த் தோலுக்கு ஏற்றது' என்ற விளம்பரம் அதன் மேல்தான் ஏறி வருகிறது. அதில் ஓர் உண்மை இருக்கிறது. 1064 நானோமீட்டர் ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும். முடி நீக்குவதற்கு அதனால்தான் அது கறுத்த தோலுக்குப் பொருந்துகிறது. ஆனால் ரத்தமும் அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. ஆகவே மச்சத்துக்கு மிக அதிக ஆற்றல் தேவை. ரத்தம் சூடானதும் அதிலுள்ள ஹீமோகுளோபின் வேறு வடிவத்துக்கு மாறி, இதே ஒளியைச் சில மடங்கு கூடுதலாக விழுங்கத் தொடங்கும். பலன் தரும் அளவுக்கும் தழும்பாக்கும் அளவுக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. முடி நீக்கப் பாதுகாப்பானது, அதனால் மச்சத்துக்கும் பாதுகாப்பானது என்ற வாதம் அரைகுறை உண்மை. ஒரு குழந்தையின் கன்னம் அதற்கு விலை கொடுக்கக் கூடாது. டை லேசர் விலை கூடியது, எல்லா இடத்திலும் இருக்காது. இருக்கிற கருவியே சிறந்த கருவி என்று சொல்லத் தூண்டுதல் எந்த வியாபாரிக்கும் உண்டு. 'உங்களிடம் எல்லாக் கருவியும் இருந்தால் என் பிள்ளைக்கு எதை எடுப்பீர்கள்?' என்று கேளுங்கள். நேர்மையானவர் 'எங்களிடம் இல்லாததை' என்று சொல்லத் தயங்க மாட்டார்.

அதற்காகக் கறுத்த தோலுக்கு டை லேசர் ஆகாது என்று பொருளில்லை. மேலே உள்ள மெலனின் ஒளியில் ஒரு பங்கை வழிமறிக்கும். ஆகவே ஆற்றலைக் குறைத்து, துடிப்பை நீட்டி, குளிர்விப்பைக் கூட்ட வேண்டும். முதலில் ஓரமாகச் சிறிய இடத்தில் செய்து சில வாரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ கருப்பாகவோ படை விழும் வாய்ப்பை முன்பே சொல்ல வேண்டும். இந்தத் துறையின் அளவுகளும் பாடநூல் படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலிலிருந்து வந்தவை. தோல் நிறத்தை வகைப்படுத்த மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோல் 1975-ல் உருவானபோது பழுப்பும் கறுப்பும் அதில் இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள். 'எங்களைப் போன்ற நிறத்தில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?' என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. அது நோயாளியின் உரிமை.

இவ்வளவு ஒப்பிட்ட பிறகு, ஒப்பீட்டுக்கு அடியில் இருக்கும் ஆதாரம் எவ்வளவு என்று பாருங்கள். 2011-ல் காக்ரேன் அமைப்பு, போர்ட் ஒயின் மச்சத்துக்கான லேசர், ஒளிச் சிகிச்சைச் சோதனைகளைத் தொகுத்தது. முறையாக நடத்தப்பட்டவையாகத் தேறியவை 5. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 103 பேர். டை லேசர் பலன் தருகிறது என்று அது சொன்னது உண்மைதான். ஆனால் இது அதைவிட மேல் என்று மேடை போட்டுப் பேசும் அளவுக்கு அங்கே சரக்கு இல்லை. மச்சம் முழுமையாக மறைவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான். பலருக்கு நன்றாகக் குறையும், முகத்தின் நடுப்பகுதியிலும் கைகால்களிலும் இருப்பது பிடிவாதமாக நிற்கும். 2007-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், சிகிச்சை முடிந்து பத்தாண்டுக்கு நெருக்கமான காலம் கழித்து அதே ஆட்களை அழைத்து நிறத்தை அளந்தார்கள். சிகிச்சை முடிந்த நாளில் இருந்ததைவிடக் கறுத்திருந்தது. சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட வெளிறித்தான் இருந்தது. நாடு முழுக்க விளம்பரப் பலகைகளில் தொங்கும் 'முன் - பின்' படங்களில் பின் என்பது எத்தனை மாதத்துக்குப் பின் என்று எழுதியிருக்காது.

இதையெல்லாம் சொல்வதால் நான் லேசருக்கு எதிரி இல்லை. 'கொடுத்த முகத்தோடு இரு' என்று பிறர் பிள்ளைக்கு உபதேசம் செய்வதை நான் வெறுக்கிறேன். தடித்துக் கசியப்போகும் ஒன்றை மெலிதாக இருக்கும்போதே குறைப்பது நல்ல மருத்துவம். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் வலி கற்பனை இல்லை. ஆனால் அந்த வலி எங்கே உற்பத்தியாகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சோவியத் தலைவர் மிகயீல் கோர்பச்சேவின் நெற்றியில் இதே மச்சம் உலகமே பார்க்கும்படி இருந்தது. 1985-ல் அவர் பதவிக்கு வந்தபோது சோவியத் அரசின் அதிகாரபூர்வப் படங்களில் அதை அழித்து அச்சிட்டார்கள். அவர் அதை மறைக்க முக்காடு போடவில்லை. அதனால் அவருக்குக் கல்யாணம் நிற்கவில்லை, நாற்காலி நழுவவில்லை. அதே நெற்றி நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு வாய்த்திருந்தால்? பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்' என்று எழுந்திருப்பார்கள். மச்சம் ஒன்றுதான், ஆணுக்கு அது அடையாளம், பெண்ணுக்கு அது ஊனம். இந்தப் பாகுபாட்டை எந்த அலைநீளத்திலும் சுட முடியாது. மகனுக்குப் பெண் பார்க்கப் போகும் நாம்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியாக, எனக்கே உறுத்தும் இடம் ஒன்று. குழந்தைக்கு ஒரு வயதுக்குள் தொடங்கினால் நல்லது என்று பல மருத்துவர்கள் கருதுகிறார்கள். தோல் மெல்லியது, பரப்பு சிறியது. அந்த வயதில் அவளைக் கேட்க முடியாது. அவள் பதில் சொல்லும் வயதுக்குக் காத்திருந்தால் மச்சம் முற்றிவிடும். மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்றால், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்ப மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. மயக்கமில்லாமல் செய்தால் அம்மாவும் நர்சும் கையைக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

என் முடிவு இது. முகத்தில் அகலமாகப் படர்ந்திருந்தால் தொடங்குங்கள், பெற்றவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அது கடனாக வாங்கிய உரிமை. ஆறேழு வயதில் விவரம் தெரிந்த பிள்ளை 'போதும்மா, வலிக்குது, எனக்கு இது இருந்தா பரவால்ல' என்றால், அங்கே அந்தக் கடன் திருப்பிக் கேட்கப்படுகிறது. 'பொம்பளப் புள்ள, நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்' என்று அவளை மறுபடி படுக்கையில் கிடத்தினால், அந்தச் சிகிச்சை அவளுக்கு நடப்பதில்லை, வரப்போகும் சம்பந்திகளுக்கு நடக்கிறது. மருத்துவர் அவளிடம் நேராகப் பேச வேண்டும், அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக்கூட. இப்போது நிறுத்தினால் பின்னால் நிறம் ஏறலாம், பெரியவளானதும் செய்தால் பலன் குறையலாம் என்பதை மறைக்காமல் அவள் மொழியில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்றால் அடுத்த தேதியை ரத்து செய்யுங்கள். பதினெட்டு வயதில் அவளே தேடிப் போகலாம். போகாமலும் இருக்கலாம்.